ஃபீடர் மாட்ட வந்தவள்

அவள் என்னை முதன்முதலாக அறைந்தபோது எனக்கு ஐம்பத்தோரு வயது. அவளுக்கு முப்பது இருந்தால் அதிகம். அறைவதற்கு முன்னால் "ண்ணா" என்று கூப்பிட்டாள், அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. கூப்பிட்டாள், திரும்பினேன், திரும்பிய கன்னத்தில் விழுந்தது.

அப்பா போன பிறகு என்மேல் யாரும் கை வைத்ததில்லை. வீட்டுக்கு மூத்தவன் நான். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு சண்டை என்றால் சமாதானம் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவன், சொந்தக் கடையில், காபி டம்ளரோடு நிற்கும் மனைவியின் கண்ணெதிரே அறை வாங்கினேன். எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"ஸ்விட்ச்ச ஆப் பண்ணிட்டா நின்னுடுச்சின்னு அர்த்தமா? பாருண்ணா" என்று ஒரு மரச் சுருளை எடுத்து, மரம் செதுக்கும் மிஷினின் நடுவில் இருந்த கட்டர் மேல் போட்டாள். கட்டர் அசையாமல் நிற்பது போலத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. சுருள் தூளாகி என் முகத்தில் அடித்தது. சத்தமே இல்லாமல் அது சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கூர் எப்படி இருக்கிறது என்று தடவிப் பார்க்க நான் நீட்டிய ஆள்காட்டி விரல் அதற்கு நாலு அங்குலம் முன்னால் நின்றிருந்தது.

"அத வாயால சொல்லக் கூடாதா?" என்றேன். என் குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

"மிஷின் ஓடும்போது காது கேக்காதுண்ணா. கன்னம் கேக்கும். பழகிக்கோ" என்றாள்.

அப்போது மிஷினில் சத்தமே இல்லையே, காது நன்றாகக் கேட்டிருக்குமே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது.

நான் முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்தவன். முட்டி தேய்ந்துபோய், தறிக்குழியில் இறங்கினால் ஏறுவதற்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும் என்று ஆன பிறகு, சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்தேன். கோயில் ஊர், படத்துக்குப் பஞ்சமில்லை. ஓரத்தில் வளைவும் பள்ளமும் ஓடும் சட்ட மரத்தை, அதற்கு பீடிங் என்று பெயர், சென்னையிலிருந்து வரவழைத்து அலுத்துப் போயிருந்தேன். கொரோனா ஓய்ந்த மறு வருஷம் அதை நாமே செதுக்கலாம் என்று ஒரு சின்ன ஷேப்பர் மிஷின் வாங்கினேன். பார்த்தால் ஒரு இரும்பு மேஜை, அவ்வளவுதான். மேஜை நடுவில் ஓட்டை, ஓட்டை வழியாக நிமிர்ந்து நிற்கும் தண்டு, தண்டின் தலையில் கட்டர். மரத்தை அதன் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் செதுக்கித் தரும். கையால் தள்ளாமல் இருக்கக் கூடவே ஃபீடர் என்று ஒரு பெட்டி. மேலேயிருந்து ஒரு இரும்புக் கையில் தொங்கும். அதன் அடியில் உள்ள ரப்பர் சக்கரங்கள் மரத்தை அமுக்கிப் பிடித்துத் தாமே நகர்த்தும். விற்ற டீலர், "மெக்கானிக் வந்து மாட்டிக் குடுத்து, பத்து நாள் கூட இருந்து பழக்கிட்டுப் போவாங்க" என்றார். முசரவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தோளில் டூல்ஸ் பையோடு இவள் வந்தாள்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லி உரிமை கொண்டாடும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆள் குள்ளம். முடியை இறுக்கிச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்திருப்பாள். வளையல் கிடையாது, சங்கிலி கிடையாது, காதில் தோடு இருக்க வேண்டிய இடத்தில் ஈர்க்குச்சி. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்து ஊக்கு குத்தியிருப்பாள். வந்த அரை மணி நேரத்தில் என்னை வேட்டியை அவிழ்த்துவிட்டு பேண்ட் போட வைத்தாள். என் மணிக்கட்டில் கோயிலில் கட்டிவிட்ட சிவப்புக் கயிறு இருந்தது. கழற்று என்றுகூடச் சொல்லவில்லை. கையைப் பிடித்தாள், பிளேடால் அறுத்தாள், அறுத்ததை என் சட்டைப் பையில் போட்டாள்.

"ஐயோ, சாமி கயிறுமா" என்று என் மனைவி பதறினாள்.

"கயிறு சிக்கினா கய்யும் கூடவே போவும்க்கா. பையில இருந்தாலும் சாமி பாத்துப்பாரு."

அறை வாங்கிய அன்று மதியமே டீலருக்குப் போன் போட்டேன். "அறைஞ்சிட்டாளா?" என்று கேட்டார். "வேற ஆளு அனுப்பறேன் சார். ஆனா ரெண்டு மாசம் ஆவும். அந்தப் பொண்ணு மாட்டிக் குடுத்த எடத்துல இது வரைக்கும் ஒருத்தருக்கும் வெரல் போனதில்ல. ரோசன பண்ணிச் சொல்லுங்க." யோசனை செய்து, அவளே இருக்கட்டும் என்றேன். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவளை அனுப்பிவிட்டு அந்த மிஷினோடு தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

மாட்டுகிற வேலை நடக்கும்போதும் அவள் கை சும்மா இருக்கவில்லை. கட்டரைப் பூட்டி நட்டை இறுக்கினால், கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கேயும் உரசக் கூடாது. நான் சுற்றாமல் ஸ்விட்ச் பக்கம் போனேன், முதுகில் ஒன்று விழுந்தது. மரம் சாய்ந்து ஓட ஒரு தடுப்பு இருக்கிறது. ஃபீடரின் மூக்கு அந்தத் தடுப்புப் பக்கம் துளி திரும்பியிருக்க வேண்டும், அப்போதுதான் மரம் விலகாமல் ஓடும். நான் நேராக வைத்தேன், புறங்கையில் ஒன்று. ஃபீடரின் சக்கரம் மரத்தின் கனத்தைவிடத் தீக்குச்சி அளவாவது இறங்கியிருக்க வேண்டும். லேசாகத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்று நான் விட்டிருந்தேன். அதற்கு அவள் அடிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்திவிட்டு, "இப்ப பாரு" என்று மிஷினை அப்படியே ஓடவிட்டாள்.

கட்டர் மரத்தைக் கவ்வியதும் சக்கரத்தால் பிடிக்க முடியவில்லை. ஒரு முழ மரம் வந்த வழியே திரும்பி, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நான் நின்றிருந்த இடத்தைத் தாண்டி, பின்பக்கத் தகரத்தைப் பொத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் விழுந்தது. அந்த வீட்டு அம்மா துணி காயப் போட்டுவிட்டு அப்போதுதான் உள்ளே போயிருந்தாராம். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவளைப் பார்த்தேன். கண் பளபளவென்று இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. எல்லாம் என் நல்லதுக்காகச் செய்தாள் என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் இதையும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு கறுப்புக் கவரோடு வந்தாள். பாய் கடையில் வாங்கிய ஆட்டுக்கால் நான்கு இருந்தன.

"வெரலு வெரலுன்னு கத்திக்கினு இருக்கறேன், உனக்கு ஒரைக்கல. கண்ணால ஒரு தடவ பாத்துடு."

ஒரு காலை எடுத்து நீளமான கட்டையின் முனையில் கம்பி போட்டுக் கட்டினாள். அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டிய பெருமாள் படம் ஒன்று கண்ணாடி போட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. "சாமி படம் இருக்கற எடம்மா, வேணாம்" என்றேன். "சாமியும் பாக்கட்டும்" என்று ஸ்விட்சைப் போட்டாள்.

மரத்தைச் செதுக்கும்போது மிஷின் ஒரு கூச்சல் போடும். இதற்கு அதுகூட இல்லை. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டையின் முனையில் குளம்பும் இல்லை, எலும்பும் இல்லை, கம்பி மட்டும் அறுந்து தொங்கியது. கூரையில், சுவரில், என் சட்டையில், பெருமாளின் முகத்துக்கு நேரே கண்ணாடியில், எங்கே பார்த்தாலும் ரத்தமும் சதையும் எலும்புத் தூளும். என் உதட்டில் ஏதோ ஒட்டியிருந்தது. சத்தம் கேட்டு வந்த மனைவி வாசலிலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நீயெல்லாம் பொம்பளயா?" என்று கேட்டாள்.

"பொம்பளதான்க்கா. அதான் மீதி மூணையும் சூப்பு வெக்க எடுத்துக்கினு போறேன்" என்று கவரை முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினாள். பிறகு பெருமாள் படத்தை எடுத்து, தன் சட்டைத் துணியாலேயே கண்ணாடியை மூலை முடுக்கெல்லாம் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அதைப் பார்த்த பிறகும் என் கை போனது. பிரச்சினையே அதுதான்.

செதுக்கும்போது சில மரத்தில் ஓரத்திலிருந்து சிலாம்பு கிளம்பும். மெல்லிசாக, நார் மாதிரி எழுந்து ஆடும். அதைக் கண்டால் என் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளி எடுப்பதற்குத் தானாக நீளும். நான் நீட்டவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நீண்ட பிறகுதான் எனக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் அவள் அடித்தாள். கன்னத்தில், புறங்கையில், ஒரு தடவை காதோடு சேர்த்து. அன்று முழுக்க என் காதுக்குள் கொய்ங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஃபீடர் எதுக்கு வாங்கின நீ? கய்க்கு வேலை இல்லாம பண்றதுக்கு. அது பாட்டுக்கு இழுத்துக்கினு போவுது இல்ல? நீ ஏன் கூடவே போற?"

"நான் போவலமா. கை போவுது."

ஓங்கியிருந்த கையை முதல் தடவையாக அவள் இறக்கினாள். "கை போவுதா?" என்று என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்துத் தெருவில் என் தம்பி இன்னும் தறி நெய்கிறான். வழி கேட்டுக்கொண்டு அங்கே போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

"பாவுல ஒரு எழை அறுந்துச்சிண்ணா. உன் தம்பி என்கிட்ட பேசிக்கினே இருக்காரு, கண்ணு எங்கியோ இருக்குது. கய் மட்டும் போயி அத்தப் புடிச்சி முடி போட்டுட்டு வருது. அவருக்கே தெரியல. அறுந்தா புடி, அறுந்தா புடின்னு முப்பது வருஷம் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கீங்க. இத அடிச்சித் திருத்த முடியாது."

அடித்துத் திருத்த முடியாது என்று அவள் வாயால் சொன்னதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். பையிலிருந்து நைலான் கயிறு எடுத்தாள். இடது மணிக்கட்டில் ஒரு சுருக்கு, மறுமுனையை என் இடுப்பு பெல்ட்டோடு சேர்த்து இறுக்கி முதுகுப் பக்கம் முடிச்சு. "அது பாட்டுக்குப் போவட்டும். எவ்ளோ தூரம் போவுதுன்னு பாக்கலாம்" என்றாள். சிலாம்பு கிளம்பும்போதெல்லாம் கை துடிக்கும், கயிறு மணிக்கட்டை அறுக்கும். நான்கு நாள் அப்படி ஒற்றைக் கையோடு வேலை செய்தேன். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து நிணநீர் வந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள்.

என் மச்சானுக்குத்தான் அது பொறுக்கவில்லை. "இன்னா மாமா, மாட்டக் கட்டிப் போட்ட மாதிரி கட்டி வெச்சிக்கினு கீறா, நீயும் நிக்கற?" என்று ஒரு நாள் உள்ளே வந்துவிட்டான். அவள் அப்போது மேஜைக்குள் கையை விட்டுக் கட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பி, "இன்னாமா, மிஷின் சும்மா தூங்குது, எழுப்பட்டா?" என்று சிரித்துக்கொண்டே பச்சை பட்டனை அமுக்கினான்.

ஒன்றும் ஆகவில்லை. கட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பேண்ட் பையில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். மிஷின் ஓடவில்லை, ஆனால் அவள் கை மேஜைக்குள்ளிருந்து ஸ்பேனரோடு வெளியே வந்தது. முதல் அடி அவன் தோளில். இரண்டாவது தொடையில். அவன் கீழே விழுந்து நிலைப்படியில் மோதி நெற்றி பிளந்தது. விழுந்தவன் முதுகில் மூன்றாவது. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் குறுக்கே விழுந்து தடுத்தேன்.

"ஃபீஸ் கட்ட என் பையில இருக்குது. அதனால ஒன்னும் ஆவல. அது இவனுக்குத் தெரியுமா?" என்று என்னைத்தான் கேட்டாள். மூச்சு வாங்கியது.

மச்சானுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அவன் போலீசுக்குப் போகாமல் இருக்க நான் இரண்டு நாள் அவன் வீட்டுக்கு நடந்தேன். அவளிடமும் கேட்டேன். "மொத அடி நியாயம். ரெண்டாவது கோவம், சரி. உளுந்து கெடக்கறவன மூணாவது எதுக்குமா அடிச்ச?"

"அது எனக்குண்ணா. பொறந்ததுலேர்ந்து எனக்குக் கோவம் ஜாஸ்தி. அதுக்கு ஒரு வேலை குடுத்து வெச்சிருக்கறேன். சில நேரம் வேலை முடிஞ்ச பின்னாலயும் நிக்க மாட்டேங்குது."

அவளுக்கு ஏதோ பழைய காயம் இருக்க வேண்டும், எங்கேயோ யாருக்கோ விரல் போனதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நான் நோண்டி நோண்டிக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை என்றாள். அம்மாவும் இவளும் மட்டும் இருக்கும் வீடு, பயிர் வைக்கிற குடும்பம், ஐடிஐ படிப்பு. வீட்டில் யாரையாவது அடிப்பாயா என்று கேட்டதற்கு, "எங்கம்மா மிஷின் ஓட்டலியே" என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. கட்டரைச் சுற்றி மேஜையில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு போட்டிருந்தாள். மிஷின் ஓடும்போது யார் கையும் அதைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் மரத்தூளைத் தள்ளிவிடப் போன அவளுடைய சுண்டுவிரலே கோட்டைத் தாண்டிவிட்டது. மிஷினை நிறுத்தினாள். கட்டர் முழுசாக நிற்கும்வரை காத்திருந்தாள். பிறகு தன் கன்னத்தில் தானே ஓங்கி ஒன்று விட்டாள். எனக்கு விழுந்த எந்த அடிக்கும் அது குறைந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்த மரத்தை எடுத்து வைத்தாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் இருந்த வெறுப்பெல்லாம் போய்விட்டது.

பத்தாம் நாள் எட்டடி மரம் ஓட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு நீளத்தை மேஜைமேல் ஏற்ற இரண்டு கையும் வேண்டும். அவளே வந்து முடிச்சை அவிழ்த்தாள். உரிந்த மணிக்கட்டில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "இன்னிக்கி அவுத்து வுடறேண்ணா. அது பேச்சக் கேக்காத, என் பேச்சக் கேளு."

நான் வலது பக்கம் நின்று மரத்தை ஃபீடருக்குக் கொடுத்தேன். அவள் இடது பக்கம் நின்று செதுக்கி வருவதை வாங்கினாள். மரத்தைக் கொடுத்ததும் இடது கையை பெல்ட்டில் செருகிக்கொள்வேன். பதினைந்து இருபது மரம் அப்படி ஓடியது. இரண்டு தடவை சிலாம்பு கிளம்பியது. கை துடித்தது, ஆனால் பெல்ட்டை விட்டு வரவில்லை. அவள் ஃபீடருக்கு மேலே எட்டிப் பார்த்து, "தேறிட்டண்ணா" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இந்த வயதில். இன்றோடு போகிறாளே என்று மனைவிகூட மனசு இளகி கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த மரம் கோணல் ரேகை ஓடிய வேங்கை. அதில் சாண் நீளத்துக்கு ஒரு சிலாம்பு, சக்கரத்துக்கும் கட்டருக்கும் நடுவில், பொன் நிறத்தில் எழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கை போனது ஞாபகம் இல்லை. அவள் கத்தினாளா என்றும் தெரியாது. அவள் கையில் அப்போதுதான் வெளியே வந்த மரம் இருந்தது. அதை வீசினாள். என் மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நான் கீழே விழுந்தேன். அவள் பாய்ந்து சிவப்பு பட்டனை அடித்தாள். கேசரித் தட்டோடு உள்ளே வந்த என் மனைவி பார்த்தது அவ்வளவுதான்: கட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள், கை மடிந்து தொங்க நான் தரையில் கிடக்கிறேன். தட்டைப் போட்டுவிட்டு மனைவி அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அலறல் கேட்டு எதிர்க் கடையிலிருந்து மச்சான் ஓடி வந்தான். அவன் நெற்றித் தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னாலேயே தெருவில் நின்ற இரண்டு பேர்.

அவள் நினைத்திருந்தால் அந்த நாலு பேரையும் அங்கேயே சாய்த்திருப்பாள். கையில் கட்டை இருந்தது, காலடியில் ஸ்பேனர் கிடந்தது. அவள் கட்டையைக் கீழே போட்டாள். மேஜைக்கு முதுகு காட்டி, இரண்டு பக்கமும் கையை விரித்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனைவி அவள் முகத்தில் பிறாண்டினாள். மச்சான் வயிற்றில் உதைத்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. ஒரு கையைக்கூட அவள் எடுக்கவில்லை. "இன்னும் நிக்கல! இன்னும் நிக்கல!" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அங்கே எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கட்டர் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலில் யாராவது ஒருவர் தடுமாறி மேஜைமேல் கையை ஊன்றினால் தீர்ந்தது. அவர்களுக்கும் அதற்கும் நடுவில் அவள் நின்றாள். நான் தரையில் கிடந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

கட்டர் நின்ற பிறகுதான் மேஜையை விட்டாள். விட்டதும் கீழே விழுந்தாள். இருமி, ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து, டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மனைவி அங்கேயும் அவளைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "அவ மேல கேசு குடுக்காம வுட மாட்டேன்" என்றாள். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து, எப்படி அடிபட்டது என்று என்னைக் கேட்டார்.

"மிஷினுக்குள்ள போன கை டாக்டர். அடிச்சி வெளிய எடுத்தாங்க" என்றேன்.

மனைவி சட்டென்று திட்டுவதை நிறுத்தினாள்.

"என் கைதான் தானா உள்ள போச்சி. அவ மேலேர்ந்து அடிச்சிருந்தா கை கட்டருக்குள்ள போயிருக்கும். கீழேர்ந்து மேல வீசினா. அதான் எலும்போட போச்சி" என்றேன். சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

"அத அங்கயே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டாள் மனைவி. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. "நாங்க அவள அடிக்கும்போது உன் வாயி இன்னா ஆச்சி?"

வலி என்று சொல்லியிருக்கலாம். மயக்கம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு நல்ல நினைவு இருந்தது. பத்து நாளாக ஒரு பெண்ணிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவன், தெரு முழுக்க வேடிக்கை பார்க்கக் கட்டிப் போடப்பட்டவன். அவள் அடி வாங்குவதைப் பார்க்க எனக்கு ஒரு ஓரத்தில் ஆறுதலாக இருந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

மனைவி எழுந்து வெளியே போனாள். ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"இருந்தாளா?"

"இருந்தா. முசரவாக்கம் பஸ்ஸுக்கு ஒக்காந்துக்கினு இருந்தா. மொகமெல்லாம் வீங்கிக் கெடக்குது."

"இன்னா சொன்னா?"

"வெரல ஆட்டச் சொன்னா. அஞ்சும் ஆடுதான்னு பாக்கச் சொன்னா. ஒன்னு ஆடலன்னாலும் சும்மா இருக்காத, மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போன்னா."

மாவுக்கட்டுக்கு வெளியே வீங்கி நின்ற விரல்களை ஆட்டினேன். உயிர் போகிற வலி. கட்டைவிரல் ஆடியது, ஆள்காட்டி விரல் ஆடியது, மற்றதும் ஒவ்வொன்றாக ஆடின. மனைவி குனிந்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தாள்.

"உன்னை ஒன்னும் பண்ணலியே?" என்று கேட்டேன். "அடிச்சாளா?"

"கன்னத்தக் காட்டிக்கினு நின்னேன். எவ்ளோ நேரம் நின்னேன் தெரியுமா" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அடிக்கலயே. என்னப் பாக்கக்கூட இல்ல. பஸ் வந்துச்சி, ஏறிப் பூட்டா."